நியூயார்க்கில் ஒரு போலீஸ்காரர் மீது ஏற்கெனவே புகாரோ வழக்கோ இருக்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். 2020 ஜூனுக்கு முன் கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். நான் குவீன்ஸில் இருக்கிறேன், மகன் இப்போதுதான் தனியாக வெளியே போக ஆரம்பித்திருக்கிறான். அதனாலேயே இந்தப் பதிவுகளை உட்கார்ந்து படித்தேன்.

1976-ல் வந்த 50-ஏ என்ற சட்டப்பிரிவு போலீஸ்காரர்களின் பணிப் பதிவுகளைப் பூட்டி வைத்திருந்தது. எரிக் கார்னர் விஷயத்தில் அது எவ்வளவு கொடுமை என்று புரிந்தது. 2014 ஜூலை 17, நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட். சில்லறையாக சிகரெட் விற்றார் என்று அவரைப் பிடிக்கப் போன டேனியல் பான்டலியோ என்ற போலீஸ்காரர் கழுத்தை வளைத்து இறுக்கினார். மூச்சு விட முடியவில்லை என்று 11 முறை சொன்னார் கார்னர். இறந்துபோனார். பான்டலியோ மீது முன்பே புகார் உண்டா என்று கேட்டவர்களுக்கு 50-ஏயைக் காட்டி மறுத்துவிட்டார்கள். 2017-ல் ஆவணம் கசிந்த பிறகுதான், கார்னர் சாவதற்கு முன்பே பான்டலியோ மீது புகார்கள் வந்ததும், சில உண்மை என்று முடிவானதும் தெரியவந்தது. கார்னரைப் பெற்ற தாய்க்கே அதுவரை சொல்லவில்லை. என்னால் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

அந்தத் தாய் க்வென் காரும் இன்னும் பலரும் விடாமல் போராடினார்கள். மினியாபொலிஸ் நகரில் போலீஸ்காரர் கையில் நடந்த ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த கொந்தளிப்பில், 2020 ஜூன் 12 அன்று 50-ஏ ரத்தானது. போலீஸ் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயும் தடுக்க முடியவில்லை.

இப்போது, பொதுமக்கள் புகார்களை விசாரிக்கும் சிசிஆர்பி வாரியத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். ரத்தான சட்டத்தின் பெயரையே வைத்துக்கொண்ட 50-ஏ என்ற தனியார் தளத்தில் பேட்ஜ் எண், ஸ்டேஷன் வாரியாகவும் தேடலாம். புகாரோடு வழக்குகளும் அங்கே ஒரே பக்கத்தில் வரும்.

ஆனால் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். ‘நிரூபிக்கப்படவில்லை’ என்றால் பொய்ப் புகார் என்று அர்த்தமில்லை, எந்தப் பக்கமும் முடிவு செய்ய ஆதாரம் போதவில்லை, அவ்வளவுதான். ‘விதிக்கு உட்பட்டது’ என்றால் சம்பவம் நடந்தது, ஆனால் அதற்கு அனுமதி இருந்தது. புகார் கொடுத்தவர் வாக்குமூலத்துக்கு வராததால் மூடப்பட்டவையும் நிறைய. நிரூபணமானாலும், தண்டனை விஷயத்தில் கடைசி வார்த்தை போலீஸ் கமிஷனருடையது.

வழக்கும் அப்படித்தான். சமரசத் தொகை பெரும்பாலும் நகர கஜானாவிலிருந்தே போகிறது. கார்னர் குடும்பத்துக்கு 2015-ல் கொடுத்த 59 லட்சம் டாலரும் நகரம் கொடுத்ததுதான். பணம் கொடுத்ததாலேயே தப்பை ஒப்புக்கொண்டதாகாது. அந்த இடத்தில் நின்ற போலீஸ்காரர்கள் எல்லோர் பெயரையும் வழக்கில் சேர்ப்பதும் உண்டு.

அதனால் நான் எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் எடைபோடுவதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆட்கள், வெவ்வேறு வருடங்களில், ஒரே மாதிரிப் புகாரைச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். அப்படி இருந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அப்புறம் ஒன்று. 2018 முதல், சோதனை போட்டுவிட்டுக் கைதும் செய்யாமல் சம்மனும் கொடுக்காமல் விட்டால், பெயரும் பேட்ஜ் எண்ணும் உள்ள கார்டைப் போலீஸ்காரர் கொடுக்க வேண்டும். மகனிடம் அதை வாங்கிப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாநிலச் சட்டப்படி நகரத்தின் மீது நஷ்ட ஈடு கேட்பதானால் 90 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். பதிவுகளைத் தேடிக்கொண்டே அந்த நாளைத் தவறவிட்டுவிடாதீர்கள்.