சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு அறிவியல் செய்முறை எப்படிச் சொல்லித்தருவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: எட்டாம் வகுப்பில் கண் பார்வை இல்லாத ஒரு மாணவி, காது கேளாத ஒரு மாணவன், மெதுவாகக் கற்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பாடம் எப்படியோ ஓடிவிடுகிறது. செய்முறை என்று வரும்போது மட்டும் இவர்களை வகுப்பிலேயே உட்கார வைத்து எழுத்து வேலை கொடுத்துவிடலாமா?

வேண்டாம். அவர்களையும் லேபுக்குக் கூட்டிப் போங்கள். நான் மேலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் வகுப்பிலும் ஏறக்குறைய இதே மாதிரிப் பிள்ளைகள்தான். இவர்களுக்கு மற்ற எந்தப் பாடத்தையும் விட அறிவியல்தான் கைக்கு எட்டும் பாடம் என்பது என் உறுதியான எண்ணம். சூடு, குளிர்ச்சி, எடை, வாசனை, அதிர்வு என்று தொட்டும் முகர்ந்தும் தெரிந்துகொள்ள அதில் அவ்வளவு இருக்கிறது. ஆனால் "பாவம், அந்தப் பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்" என்று முதலில் ஒதுக்கி வைப்பதும் இந்தப் பாடத்தில்தான். அந்த இரக்கத்தால் பிள்ளைக்கு நஷ்டம் மட்டுமே.

எளிதானதில் தொடங்குங்கள். வெப்பம் கொள்ளும் மாற்றம், வெப்பம் உமிழும் மாற்றம். ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர், அதில் இரண்டு மூன்று ஸ்பூன் யூரியா. விவசாயம் பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள் யாராவது ஒரு பொட்டலம் கொண்டுவந்துவிடுவார்கள். கலக்கக் கலக்க டம்ளர் ஜில்லென்று ஆகும். அப்புறம் ஈர உள்ளங்கையில் கொஞ்சம் சலவைத்தூள் போட்டால் மெல்லச் சூடு தெரியும். முடிந்ததும் எல்லாரும் கை கழுவ வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். இந்தச் சோதனையில் கண் தெரிந்தவருக்கு எந்த வசதியும் கூடுதலாக இல்லை. முழு வகுப்பும் கையால்தான் கண்டுபிடிக்கிறது.

ஒளிப் பாடத்தை எப்படிச் சொல்லித்தருவது என்றுதான் எல்லாரும் மலைப்பார்கள். பிறவியிலிருந்தே ஒளியைப் பார்க்காத பிள்ளைக்கு எதிரொளிப்பை எப்படி விளக்குவது? எங்கள் வகுப்பில் ஒரு தெர்மாகோல் அட்டை எடுத்துக்கொண்டோம். ஓரத்தில் செங்குத்தாக ஒட்டிய அட்டைத் துண்டுதான் கண்ணாடி. அதன் நடுவிலிருந்து நேராக இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்டு செங்குத்துக் கோடு. படுகதிருக்குச் சணல், எதிரொளித்த கதிருக்கு மெல்லிய நூல், முனைகளில் குண்டூசி. அந்த மாணவி முதலில் சணலின் மேல் விரலை ஓட்டி, கண்ணாடி வரை போய், நூலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். பிறகு ஒரு தாளைச் சணலுக்கும் ரப்பர் பேண்டுக்கும் நடுவே இருக்கும் இடத்துக்குப் பொருந்த மடித்தாள். அதே மடிப்பை அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. குண்டூசியை நகர்த்தி வைத்துக் கொடுத்தேன். மறுபடி மடித்தாள், மறுபடி பொருந்தியது. "ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் டீச்சர், எங்க வச்சாலும்" என்றாள். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று மற்ற பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து எழுதி முடித்திருந்தார்கள். அவர்களும் தாளை மடித்துப் பார்க்க வந்து நின்றார்கள்.

இன்னொன்று செல்போனில் செய்யலாம். மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ என்ற இலவசச் செயலியில் வெளிச்சத்தை ஒலியாக மாற்றும் வசதி இருக்கிறது. வெளிச்சம் கூடினால் ஒலி உச்சத்துக்கு ஏறும், குறைந்தால் இறங்கும். டார்ச்சுக்கும் போனுக்கும் நடுவே கண்ணாடிச் சில்லு, எண்ணெய் தடவிய தாள், கெட்டி அட்டை என்று ஒவ்வொன்றாகப் பிடித்தால், எது ஒளியை விடுகிறது, எது பாதி விடுகிறது, எது விடவே இல்லை என்று காதாலேயே பிரித்துவிடலாம்.

படங்களைத் தடவிப் பார்க்கும் வகையில் செய்யும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். கண் முழுப் படத்தையும் ஒரே பார்வையில் எடுத்துக்கொள்ளும். விரல் அப்படியில்லை, ஒவ்வோர் இடமாகத் தடவித் தடவித்தான் முழு உருவத்தைச் சேர்க்கும். அதனால் புத்தகத்தில் இருக்கும் இதயப் படத்தை அப்படியே நூலும் பசையும் வைத்து எடுத்தால் விரலுக்கு அது வெறும் சிக்கல்தான். முதல் அட்டையில் நான்கு அறைகள் மட்டும் போதும். இரத்தக் குழாய்களை அடுத்த அட்டையில் சேர்க்கலாம். அழகர்கோயில் பக்கம் சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. பிரெய்லியும் தொடுபடமும் பழகியவர்களைக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது, நாமாகக் கற்பனையில் செய்தால் பெரும்பாலும் நம் கண்ணுக்கு அழகாக இருப்பதைத்தான் செய்வோம்.

"பார்வை இல்லாமல் அறிவியல் படித்து என்ன ஆகப் போகிறது" என்று யாராவது கேட்டால், ஹீராட் வெர்மேயைப் பற்றிச் சொல்லுங்கள். நெதர்லாந்தில் 1946-ல் பிறந்தவர். சுமார் மூன்று வயதிலேயே பார்வை முழுதும் போய்விட்டது. சங்கு, சிப்பிகளை விரலால் தடவியே ஆராய்ந்தார். ஓடு ஏன் தடிக்கிறது, வாய் ஏன் குறுகுகிறது, நண்டும் மீனும் உடைத்துத் தின்ன வருவதற்கு எதிராக அது எப்படி மாறிவந்திருக்கிறது என்றெல்லாம் எழுதி, பரிணாம உயிரியலில் பெரிய பெயர் எடுத்தார். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். நம் பிள்ளைகள் ராமேஸ்வரம் போய்வந்தால் பை நிறையச் சிப்பி கொண்டுவருவார்கள் இல்லையா, மெல்லுடலிகள் பாடத்தன்று அதை மேஜையில் கொட்டுங்கள். வரியோடியது, வழவழப்பானது, முறுக்கு வலப்பக்கம் போவது என்று அந்த மாணவி பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

காது கேளாத மாணவனுக்கு ஒலிப் பாடம். இது கேட்கும்போதே கொடுமையாகத் தோன்றும், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு. ஒரு சம்படத்தின் வாயில் பலூனை வெட்டி இறுக்கிக் கட்டி, மேலே கொஞ்சம் ரவை தூவுங்கள். பக்கத்தில் ஒரு தட்டைக் கரண்டியால் அடித்தால் ரவை துள்ளும். ஊரில் பறை கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கள் பையன் அதில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். திருவிழாவில் கொட்டு அடிக்கும்போது அங்கே அதிர்வது அவனுக்கு முன்பே தெரியும். அதிர்வுதான் ஒலி என்று அவனுக்கு நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவனுக்கு உண்மையான சிக்கல் சொற்கள். அடர்த்தி, அழுத்தம், ஊடகம் என்று வரும்போது அந்த மூன்றையும் விரலால் எழுத்து எழுத்தாகக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-ல் 10,000 சொற்கள் கொண்ட சைகை அகராதியை வெளியிட்டது, காணொளியாகவே பார்க்கலாம். அதில் கிடைக்காத சொல்லுக்கு வகுப்பே சேர்ந்து ஒரு சைகை முடிவு செய்து, பாடம் முடியும் வரை எல்லாரும் அதையே பயன்படுத்துங்கள். அப்புறம், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். எழுதி முடித்து, திரும்பி நின்று, முகத்தில் வெளிச்சம் விழும்படி பேசுங்கள். உதடு பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு நம் முதுகு எதையும் சொல்லாது.

மெதுவாகக் கற்கும் இருவரைப் பற்றி அதிகம் எழுதவில்லை, காரணம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். ஆனால் ஒன்று: எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறவன் எல்லாம் அறிவு குறைந்தவன் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. பழைய 1995 சட்டத்தில் அது கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்குச் செய்முறையைப் படிப்படியாகப் போட்டோ எடுத்து வரிசையாக ஒட்டிக் கொடுங்கள். ஒரு படத்துக்கு ஒரு வேலை. குழுவில் உண்மையான பொறுப்பு ஒன்றையும் கொடுங்கள். எங்கள் வகுப்பில் 100 மில்லி தண்ணீரை அளந்து கொடுப்பது ஒரு பையனுடைய வேலை. கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய், ஒரு சொட்டு கூடினாலும் கீழே ஊற்றிவிட்டு மறுபடி அளப்பான். மற்ற குழுக்களும் அவனிடம்தான் வந்து நிற்கும்.

வட்டார வளமையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரிடம், வாராவாரம் வரும்போது பிள்ளையைத் தனியே கூட்டிப் போகாமல் செய்முறை வகுப்பு நடக்கும் நேரத்துக்கு வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். தலைமையாசிரியர் மூலம் கேட்டால் பெரும்பாலும் நடக்கும்.

கடைசியாகப் பொதுத்தேர்வு. சொல்வதை எழுதுபவரும் ஒரு மணி நேரம் கூடுதலும் கிடைக்கும். மருத்துவச் சான்றையும் அடையாள அட்டையையும் முன்கூட்டியே தயார் செய்யச் சொல்லிப் பெற்றோரிடம் இப்போதே பேசுங்கள். பத்தாம் வகுப்பில் போய்த் திடீரென்று யாரோ ஒருவரிடம் சமன்பாட்டையும் படத்தையும் வாயால் சொல்லி எழுத வைப்பது கஷ்டம். அதற்குப் பழக்கம் வேண்டும். நான் எட்டாம் வகுப்பிலேயே வாரம் ஒரு சின்னத் தேர்வை இப்படி வைக்கிறேன். அந்த மாணவி சொல்லச் சொல்ல, வகுப்புத் தோழிகள் மாறி மாறி எழுதுகிறார்கள்.