முதல் பிஸ்டலாக க்ளாக் 19 வாங்கலாமா, இல்லை வேறு ஏதாவதா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர் டெக்சஸில் இருக்கிறார், கிரீன் கார்டு வந்து ஆறு மாதம். வீட்டில் வைத்துக்கொள்ளவும் ரேஞ்சில் சுட்டுப் பழகவும் 9 எம்எம் பாலிமர் பிஸ்டல் ஒன்று வேண்டும். மனைவியும் சுடக் கற்றுக்கொள்ளப் போகிறார். க்ளாக் 19, ஸிக் பி365, ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி மூன்றில் எது, பழையது வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

நானும் டெக்சஸ்தான், டல்லாஸ் பக்கம். எட்டு வருடமாகச் சுடுகிறேன். வீட்டில் இப்போது மூன்று பாலிமர் பிஸ்டல் இருக்கிறது. முதலில் வாங்கியது க்ளாக் 19. அதை வாங்கியது தப்பில்லை, வாங்கிய விதம்தான் தப்பு.

அலுவலகத்தில் துப்பாக்கி வைத்திருக்கிற நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் க்ளாக் என்றார்கள். கடையில் ஒரு தடவை கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, துப்பாக்கி வாங்குகிறவர்கள் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் 4473 படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். பின்னணிச் சோதனை இருபது நிமிடத்தில் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனால் ஏழு கெஜத்தில் இருக்கிற தாளில் எல்லாத் தோட்டாவும் கீழே, இடது பக்கமாகப் போய் விழுகிறது. அதோடு பதினைந்து தோட்டாவுக்கு ஒரு முறை சிக்கல் வேறு. வெற்றுக்கூடு வெளியே போகாமல் ஸ்லைடுக்கு (மேலே முன்னும் பின்னும் ஓடுகிற பகுதி) நடுவில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். ஓட்டைத் துப்பாக்கியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். கூட வந்த நண்பன் அதே மேகசினை (தோட்டா அடுக்குகிற பெட்டி) வாங்கி, அதே பிஸ்டலில், நிறுத்தாமல் பதினைந்தும் சுட்டான். ஒன்றும் சிக்கவில்லை. “மச்சான், கோளாறு உன் மணிக்கட்டுல” என்றான்.

பாலிமர் பிஸ்டலைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஸ்லைடு எஃகு, குழல் எஃகு, ஸ்லைடு ஓடுகிற தண்டவாளமும் எஃகு. பிடியும் உடலும் மட்டும் நைலான் வகைப் பிளாஸ்டிக். ஆகவே கனமெல்லாம் மேலே, கீழே லேசு. வெடித்ததும் ஸ்லைடு பின்னால் வந்து, கூட்டைத் தள்ளிவிட்டு, அடுத்த தோட்டாவை எடுக்கவேண்டும். அதற்குக் கீழே இருக்கிற உடல் அசையாமல் நிற்கவேண்டும். கனமான எஃகுப் பிஸ்டலில் அந்த வேலையில் பாதியை அதன் எடையே பார்த்துக்கொள்ளும். பாலிமரில் உங்கள் கைதான் பார்க்கவேண்டும். பிடி தளர்ந்தால் உடலும் சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது, கூடு சிக்கும்.

கீழே, இடது பக்கம் விழுந்ததற்குக் காரணம் வேறு. பாதி என் அவசரம், ட்ரிகரை வெடுக்கென்று இழுத்தது. மீதி என் கை. எனக்குக் கொஞ்சம் சின்னக் கை, விரல் குட்டை. ட்ரிகரில் விரலின் சதைப்பகுதி வந்து உட்கார நான் கையையே திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடையில் இதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். காலி என்று கடைக்காரரும் பார்த்து, நீங்களும் பார்த்த பிறகு, சுவர்ப் பக்கமாகப் பிடியுங்கள். குழலும் முன்னங்கையும் ஒரே கோட்டில் இருக்கும்போது விரல் முதல் கணுவின் சதை ட்ரிகரில் சுலபமாக உட்கார வேண்டும். எட்டவில்லை என்றாலோ, கையைச் சுழற்றினால்தான் எட்டுகிறது என்றாலோ, அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் உங்கள் பிஸ்டல் இல்லை. எம் அண்ட் பி 2.0இல் பிடிக்கு நாலு அளவு மாற்றுத்தகடு கூடவே தருகிறார்கள். எனக்குச் சின்னது போட்டதும் சரியாகிவிட்டது. ஆறடி நண்பனுக்கு அதே பிஸ்டல் பொம்மை மாதிரி இருக்கிறதாம்.

க்ளாக்கைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வரவேண்டாம். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் 17ஐ எடுத்தபோது அதைச் செய்த காஸ்டன் க்ளாக்குக்குத் துப்பாக்கி செய்த அனுபவமே கிடையாது. திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்த மனிதர். பாலிமர் உடலில் முதல் பிஸ்டலும் அது இல்லை, ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் 1970லேயே விபி70 என்று ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் உலகமே பின்பற்றியது க்ளாக்கைத்தான். உதிரிபாகம், உறை, மேகசின் எந்தக் கடையிலும் கிடைக்கும். கழற்றுவதும் மாட்டுவதும் குழந்தை விளையாட்டு.

அந்தக் கழற்றுகிற இடத்தில்தான் ஒரு எச்சரிக்கை. க்ளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்ற ட்ரிகரை அழுத்தியே ஆகவேண்டும். எம் அண்ட் பியிலும் ஸிக்கிலும் அழுத்தாமலே கழற்றலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தார். மேகசினைக் கழற்றினார், ஸ்லைடை இழுத்துப் பார்க்க மறந்தார், ட்ரிகரை அழுத்தினார். உள்ளே ஒரு தோட்டா இருந்திருக்கிறது. சமையலறைச் சுவரைத் துளைத்து, அந்தப் பக்கம் இருந்த பொன்னி அரிசி மூட்டைக்குள் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த அரிசியை அவர் மனைவி சமைக்கவில்லை, கொட்டவும் விடவில்லை, மூன்று மாதம் அங்கேயே வைத்திருந்தார். மேகசின் முதலில், ஸ்லைடு அடுத்தது, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவி, அப்புறம்தான் ட்ரிகர்.

பி365க்கு வருகிறேன். 2018இல் வந்தது. அவ்வளவு சின்ன உடலில் மேகசினில் பத்துத் தோட்டா. இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள அருமையான சாமான். ஆனால் வீட்டில் வைக்கவும் கற்றுக்கொள்ளவும் என்று கேட்டிருக்கிறீர்கள். புதியவர்கள், அதிலும் மனைவிக்கு வாங்குகிறவர்கள், எல்லாரும் செய்கிற தப்பு சின்னதாக இருந்தால் சுலபமாக இருக்கும் என்று நினைப்பது. உண்மை நேர் எதிர். அரைக் கிலோ பிஸ்டலில் அதே 9 எம்எம் தோட்டா வெடித்தால் உதை முழுக்க உள்ளங்கைக்குத்தான். குழல் குட்டை, குறிபார்க்கிற முன்பக்கக் குறிமுள்ளுக்கும் பின்காடிக்கும் இடைவெளி குறைவு, கை கொஞ்சம் அசைந்தாலும் தாளில் அது பெரிதாகத் தெரியும். என் மனைவி வாடகைக்கு எடுத்த ஒரு குட்டிப் பிஸ்டலில் ஆறு தோட்டா சுட்டுவிட்டுக் கீழே வைத்தாள். “ஏங்க, இது சுடுதா, அடிக்குதா?” அந்த நேரம் பார்த்து பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு சூடான கூடு பறந்து வந்து காலருக்குள் விழுந்தது. அன்றோடு போதும் என்று கிளம்பிவிட்டாள். ரேஞ்சுக்குக் கழுத்து மூடிய சட்டையோடு போங்கள்.

அவளுக்கு உண்மையான பிரச்சினை உதை கூட இல்லை, ஸ்லைடை இழுக்க முடியவில்லை. க்ளாக்கின் ஸ்பிரிங் அவள் மணிக்கட்டுக்கு மல்லுக்கட்டுதான். கடைசியில் எடுத்தது ஷீல்டு ஈஸி (EZ) என்கிற ஸ்மித் அண்ட் வெஸன் மாடல், 9 எம்எம்இல் 2020இல் வந்தது. உள்ளே சுத்தியல் வைத்த அமைப்பு, அதனால் ஸ்பிரிங்கை லேசாக வைக்க முடிந்திருக்கிறது. மேகசினில் எட்டுதான். நிரப்பும்போது அழுத்திப் பிடிக்கப் பக்கவாட்டில் ஒரு குமிழ் இருக்கிறது, கட்டைவிரல் நகம் பெயராது. பிடியின் பின்புறம் ஒரு பாதுகாப்புப் பட்டை, சரியாகப் பிடித்தால்தான் வெடிக்கும். இப்போது என்னைவிட நன்றாகச் சுடுகிறாள். ஆகவே உங்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், அவர் கையால் இழுக்கவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள். ஒரே பிஸ்டல் இரண்டு பேருக்கும் ஒத்துவரவேண்டும் என்று கட்டாயமில்லை.

“ராணுவமே வாங்கியது” என்று யாராவது ஸிக் பி320ஐக் காட்டுவார்கள். அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் அதைத் தேர்ந்தெடுத்தது உண்மை. கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற சிக்கல் எழுந்து, அதே வருடம் ஆகஸ்டில் பொதுமக்களிடம் விற்றவற்றுக்கு அந்த நிறுவனமே இலவச மாற்றம் அறிவித்ததும் உண்மை. ராணுவத்தின் தேவை வேறு, உங்கள் படுக்கையறையின் தேவை வேறு.

காசு விஷயம். பிஸ்டலுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ அதில் பாதியாவது தோட்டாவுக்கும் ஒரு நாள் வகுப்புக்கும் ஒதுக்குங்கள். டிரிகர், குறிமுள், சிவப்புப் புள்ளிக் குறிக்கண்ணாடி எல்லாம் மாற்றுவதை ஆயிரம் தோட்டா சுட்ட பிறகு யோசியுங்கள். செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, காலிப் பிஸ்டலின் குறிமுள் மேல் ஒரு பத்து சென்ட் நாணயத்தை நிறுத்தி, அது விழாமல் ட்ரிகரை இழுத்துப் பழகுங்கள். க்ளாக்கில் ஒவ்வொரு முறையும் ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும். என் கீழ்-இடது வியாதி இரண்டு மாதத்தில் இதில்தான் தீர்ந்தது.

குழந்தைகள் இருந்தால் பெட்டகம் முதல் நாளே. தோட்டா போட்ட துப்பாக்கி உங்கள் கவனக்குறைவால் பதினேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் கிடைத்தால் டெக்சஸில் அதுவே குற்றம். இதைப் படிக்கிற எச்1பி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர்கள் வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வக்கீலைக் கேட்காமல் இறங்கவேண்டாம். கேட்டவருக்குக் கிரீன் கார்டு இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை, படிவத்தில் கிரீன் கார்டில் இருக்கிற ஏலியன் நம்பரைச் சரியாக எழுதுங்கள்.

பழையது வாங்கலாமா? தாராளமாக. போலீஸ் துறைகள் மாற்றிக் கொடுத்த பிஸ்டல்கள் கடைகளில் வரும். உறையில் போட்டு எடுத்து மேல்பூச்சு வெளுத்திருக்கும், ஆனால் பெரும்பாலும் அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள், தோட்டாவைச் சுழலவைக்கிற வரிகள் தேயாமல் இருக்கிறதா என்று. ஸ்பிரிங்கை மட்டும் வாங்கியதும் புதிதாக மாற்றிவிடுங்கள், சில டாலர்தான். நான் இப்போது அதிகம் சுடுகிற எம் அண்ட் பி அப்படி வந்ததுதான். ஸ்லைடின் வலப்பக்கம் முழுக்கச் சொறி பிடித்த மாதிரி இருக்கும். என் க்ளாக் புத்தம் புதிதாகப் பெட்டகத்தில் தூங்குகிறது.