சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருக்கிறதா? நீலகிரி வாசகர்களுக்கு ஸ்கேன் டாக்டரின் பதில்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு 68 வயது. வயிற்று ஸ்கேனில் நீர்ப்பைச் சுவர் 6 மில்லிமீட்டர், தடித்திருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது டாக்டர்.

சுவர் முழுக்கச் சீராகத் தடித்திருந்தால், இந்த வயது ஆண்களுக்குப் பெரும்பாலும் காரணம் அடைப்புதான். நீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும்போது, நீர்ப்பைத் தசை கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சிறுநீரைத் தள்ளுகிறது. வருடக்கணக்கில் அப்படி உழைத்தால், மேட்டில் மூட்டை சுமப்பவரின் கெண்டைக்கால் போலத் தசை பருத்துவிடும். ஓரிடத்தில் மட்டும் மேடு என்று எழுதியிருந்தாலோ, சிறுநீரில் ரத்தம் வந்திருந்தாலோ சிறுநீரக மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

ஆனால் அந்த 6-ஐ நம்புவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: ஸ்கேன் எடுக்கும்போது நீர்ப்பையில் எவ்வளவு சிறுநீர் இருந்தது? காலிப் பையின் சுவர் யாருக்குமே தடிப்பாகத்தான் தெரியும். நன்றாக நிறைந்த பையில் 3 மில்லிமீட்டர் வரையும், காலிப் பையில் 5 வரையும் இயல்பு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். தசை அடுக்கை மட்டும் தனியே அளக்கும் முறையும் உண்டு. 250 மில்லியாவது நிறைந்த பையில் அது 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு நிறைந்திருந்தது என்று குறிக்காத ரிப்போர்ட்டில் வெறும் தடிப்பை வைத்து மருந்து தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை.

மஞ்சூரிலிருந்து ஒரு பெரியவர்: ஊட்டிக்கு பஸ் ஏறும் முன்பே நிறையத் தண்ணீர் குடித்தேன். ஸ்கேன் சென்டரில் ஒரே கூட்டம், அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சிறுநீர் போய்விட்டு வந்த பிறகும் பையில் 140 மில்லி மீதி என்றார்கள்.

ஐயா, அளவு மீறி நிரம்பிய பை ஒரே தடவையில் முழுசாகக் காலியாவதில்லை. சாதாரணமாக முட்டும்போது போய்விட்டு, உடனே மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் 100 மில்லிக்கு மேல் மீதி நின்றால் கவனிக்க வேண்டியதுதான். அடுத்த முறை தண்ணீரை பஸ்ஸில் குடிக்காதீர்கள், சென்டருக்குப் போய்க் குடியுங்கள்.

குன்னூரிலிருந்து: பனிக்காலத்தில் சிறுநீர் இறங்கவே மாட்டேன் என்கிறது. குளிர் காரணமா?

குளிரில் சிறுநீர் அதிகம் ஊறும், சிறுநீர் வெளியேறும் வாயான நீர்ப்பைக் கழுத்தும் இறுகும். அதைவிட எனக்குக் கவலை, கடையில் நீங்களே வாங்கிப் போடும் சளி மாத்திரை. அதிலுள்ள குளோர்பெனிரமின் நீர்ப்பைத் தசையைத் தளர்த்தும். மூக்கடைப்புக்கான பினைல்எப்ரின் நீர்ப்பைக் கழுத்தை இறுக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு இரண்டும் சேர்ந்தால் சிறுநீர் அடியோடு நின்றுபோகலாம். அப்படி நின்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், ராத்திரியானாலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிறுநீர் வடிய டியூப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூடலூர்த் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா: எனக்கும் சுவர் தடிப்பு என்று வந்திருக்கிறது. எரிச்சலும் இருக்கிறது. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை, அதனால் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொள்கிறேன்.

உங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது கிருமித் தொற்று. சிறுநீர்ப் பரிசோதனையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் கொடுங்கள். தொற்று ஆறியபின் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். கர்ப்பப்பை இறக்கம் இருந்தாலும் பாதை மடங்கி அடைக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க அடக்குகிறீர்களே அம்மா, அதுதான் என் மனதை உறுத்துகிறது. வேலைக்குப் பக்கத்தில் கழிப்பறை கேட்பது உங்கள் உரிமை.

ஊட்டியிலிருந்து: அடைப்பு என்று உறுதி செய்ய ஸ்கேன் மட்டும் போதுமா, கோயம்புத்தூர் போக வேண்டுமா?

ஸ்கேன் சந்தேகத்தைத்தான் சொல்லும். சர்க்கரை நோயில் நரம்பு தளர்ந்தாலும் சிறுநீர் மீதி நிற்கும். அங்கே அடைப்பே இருக்காது. சிறுநீரின் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ பாருங்கள். 150 மில்லியாவது போயும் உச்ச வேகம் நொடிக்கு 10 மில்லிக்குக் கீழே என்றால் அடைப்பு என்ற சந்தேகம் பலப்படும். அப்போதும் குழப்பமென்றால் அழுத்தத்தையும் வேகத்தையும் சேர்த்து அளக்கும் யூரோடைனமிக் சோதனை. ஆனால் ரிப்போர்ட்டில் இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருப்பதாக இருந்தால் இத்தனை யோசனைக்கு நேரமில்லை: சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை அன்றே பார்த்துவிட்டு மலை இறங்குங்கள்.