பள்ளிக் கவுன்சலிங்கில் பிஎச்டி: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் முனைவர் பட்டம் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: இடைநிலைப்பள்ளியில் முழுநேர வழிகாட்டி ஆலோசக ஆசிரியராக இருக்கிறேன். கவுன்சலிங்கில் மாஸ்டர்ஸ் முடித்தாயிற்று. பிஎச்டி முடித்தால் பதவி உயர்வு கிடைக்குமா? (செந்தூல்)

பதில்: பட்டமளிப்பு முடிந்த மறுமாதமே சம்பளம் ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலேசியாவில் பள்ளி ஆசிரியருக்கு உயர்வு பெரும்பாலும் சேவைக்காலத்தையும் ஆண்டு மதிப்பீட்டையும் பார்த்துத்தான் வருகிறது. பிஎச்டி அங்கே ஒரு கூடுதல் தகுதி, அவ்வளவுதான்.

அது உண்மையில் பயன்படும் இடங்கள் வேறு: பல்கலைக்கழக விரிவுரையாளர் வேலை, ஆசிரியர் கல்விக் கழகங்கள், கல்வி அமைச்சில் திட்டமிடுகிற, ஆய்வு செய்கிற பிரிவுகள். அதாவது, நாளைய கவுன்சலர்களைப் பயிற்றுவிக்கிற பக்கம். மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் உங்களுக்குப் பிடித்தது என்றால், விளையாட்டுவழி சிகிச்சை, துக்க ஆலோசனை, தற்கொலை அபாய மதிப்பீடு போன்ற குறுகிய காலப் பயிற்சிகள் பிஎச்டியைவிட உங்கள் அறைக்கு அதிகம் உதவும். இதைச் சொன்னால் சிலர் முகம் சுருங்குகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தமிழ்க் கல்வியில் இளங்கலை, கல்வி நிர்வாகத்தில் மாஸ்டர்ஸ். நேராகக் கவுன்சலிங்கில் பிஎச்டி செய்து கவுன்சலர் ஆகிவிடலாமா? (பட்டர்வொர்த்)

பதில்: இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பல்கலைக்கழகம் உங்களைச் சேர்த்துக்கொள்ளுமா என்பது ஒன்று. ஆய்வுத் தலைப்பு பொருந்தி, மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டால் வாய்ப்பு உண்டு. முடித்தபின் கவுன்சலர் என்று பெயர்ப்பலகை மாட்டலாமா என்பது இன்னொன்று. மலேசியாவில் அதை முடிவு செய்வது 1998ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டம், அதாவது சட்டம் 580. அதன்கீழ் உள்ள கவுன்சலர் வாரியத்தில் பதிவு செய்யாமல் கவுன்சலராகத் தொழில் நடத்துவது குற்றம்.

வாரியம் முக்கியமாகப் பார்ப்பது கவுன்சலிங் பாடங்களையும், மேற்பார்வையில் செய்த நேரடிப் பயிற்சியையும். ஆய்வுவழி பிஎச்டியில் இவை இரண்டும் கிடையாது. மூன்று நான்கு ஆண்டு உழைத்து ஆய்வேடு எழுதிய ஒருவர், ஒரு மாணவனையும் மேற்பார்வையில் சந்திக்காமலே டாக்டர் ஆகலாம்! ஆகவே உங்களுக்கு என் பதில்: முதலில் பயிற்சியோடு கூடிய கவுன்சலிங் மாஸ்டர்ஸ். அதிலும் பெயரில் கவுன்சலிங் இருப்பதெல்லாம் பதிவுக்கு உதவாது. சேருவதற்கு முன்பே அந்தப் படிப்பு வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். ஏற்கெனவே ஒரு மாஸ்டர்ஸ் இருக்க இன்னொன்றா என்று சலிப்பாக இருக்கும், புரிகிறது.

கேள்வி: அமெரிக்காவில் கவுன்சலர் கல்வி என்று தனியாகவே முனைவர் பட்டம் இருக்கிறதாமே? நம் ஊர் பிஎச்டிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: நல்ல கேள்வி. அங்கே பள்ளிக் கவுன்சலராக வேலை பார்க்க மாஸ்டர்ஸ் போதும், உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முனைவர் பட்டத்தின் பெயர் ‘கவுன்சலர் கல்வியும் மேற்பார்வையும்’. பெயரே சொல்லிவிடுகிறது, அது கவுன்சலர்களை உருவாக்குகிறவர்களுக்கான படிப்பு.

1981இல் தொடங்கிய காக்ரெப் என்ற அங்கீகார அமைப்பு இதற்கு விதி வகுக்கிறது. கவுன்சலிங், மேற்பார்வை, கற்பித்தல், ஆய்வு, தலைமைத்துவமும் பிறருக்காகக் குரல் கொடுப்பதும் என்று ஐந்து துறைகள். மாஸ்டர்ஸுக்கு மேல் குறைந்தது 48 கிரெடிட் பாடங்கள். 100 மணி நேரப் பிராக்டிகம், அதாவது மேற்பார்வையில் செய்யும் செயல்முறைப் பயிற்சி, அதில் 40 மணி நேரமாவது நேரடியாக ஆட்களைச் சந்திக்க வேண்டும். அப்புறம் 600 மணி நேர இன்டர்ன்ஷிப், அந்த ஐந்து துறைகளில் குறைந்தது மூன்றில். வகுப்பெடுப்பதும், மாஸ்டர்ஸ் மாணவர்களின் ஆலோசனை அமர்வுகளை மேற்பார்வையிடுவதும் அங்கே படிப்பின் உள்ளேயே இருக்கின்றன. 2013 ஜூலைக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் புதிதாகச் சேரும் முழுநேர விரிவுரையாளருக்குக் கவுன்சலர் கல்வியிலேயே முனைவர் பட்டம் வேண்டும் என்றும் வைத்துவிட்டார்கள். உளவியல் பிஎச்டி வைத்திருந்தவர்கள் அப்போது கொஞ்சம் கலங்கித்தான் போனார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலோ கல்வித்துறையில் செய்யும் பிஎச்டிக்கு உயிர்நாடி ஆய்வேடுதான். மோசமான முறை என்று சொல்ல மாட்டேன், ஒரு தலைப்பில் ஆழமாக இறங்க அதில்தான் நேரம் கிடைக்கும். ஆனால் மேற்பார்வையும் கற்பித்தலும் தாமாக வந்து சேராது. நீங்களே கேட்டு வாங்க வேண்டும். இளங்கலை மாணவர்களின் பயிற்சி அமர்வுகளில் துணை மேற்பார்வையாளராக உட்காரலாமா என்று முதல் ஆண்டிலேயே துறையில் கேளுங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். நாளை விரிவுரையாளர் நேர்காணலில் அதுதான் பேசும்.

அமெரிக்காவுக்கே போவதென்றால் இரண்டு விஷயம். உங்கள் மலேசிய மாஸ்டர்ஸில் அவர்களுடைய அடிப்படைப் பாடங்கள் சில விடுபட்டிருந்தால், அவற்றையும் சேர்த்துப் படிக்கச் சொல்வார்கள். எவை, எத்தனை என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பணத்துக்குத் துறையின் உதவியாளர் வேலை கிடைத்தால் பல இடங்களில் கட்டணம் தள்ளுபடியாகும். மாணவர் விசாவில் பாடக்காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்க முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: பகுதிநேரமாகப் படிக்க எவ்வளவு காலம் ஆகும்? இரண்டு பிள்ளைகள், காலையில் பள்ளி, மாலையில் புறப்பாடம். (கெப்போங்)

பதில்: முழுநேரமாகவே மூன்று நான்கு ஆண்டு ஆகிறது. பகுதிநேரம் என்றால் ஐந்து, ஆறு என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். கல்வி அமைச்சின் கூட்டரசுப் பயிற்சி உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்தீர்களா? எச்எல்பி என்றால் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். படிப்பு விடுப்போடு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஒப்பந்தத்தை மட்டும் வீட்டில் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். குறித்த காலத்தில் முடிக்காவிட்டால் பணம் திருப்பிக் கட்ட நேரும், முடித்தால் கட்டாயச் சேவைக்காலம் உண்டு.

கேள்வி: தமிழ்ப்பள்ளி மாணவர்களைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. ‘பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடையே கவுன்சலிங் குறித்த தயார்நிலை’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சரியா? (பிறை)

பதில்: சரி என்று சொல்ல மனம் வரவில்லை. தயார்நிலை, மனப்பான்மை, விழிப்புணர்வு நிலை என்ற தலைப்புகளில் நம் கல்வி ஆய்வேடுகள் ஏராளம். எல்லாவற்றிலும் கருத்தறி படிவம், எல்லாவற்றிலும் முடிவு ‘மிதமானது’ அல்லது ‘உயர்வானது’. கூடவே, எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று சொல்லும் கிரெஜ்சி, மார்கன் இருவரின் 1970ஆம் ஆண்டு அட்டவணை. ஆயிரம் பேர் என்றால் 278 பேர் எடு என்கிற அதே அட்டவணைதான். அது குலுக்கல் முறையில் ஆள் எடுக்கிறவர்களுக்கு உரியது. வாட்ஸ்அப் குழுவில் படிவத்தை அனுப்பிவிட்டு 278 பதில் வரும்வரை காத்திருக்கிறவருக்கு அது வெறும் அலங்காரம்.

நீங்கள் பள்ளியில் அன்றாடம் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். தமிழ்ப்பள்ளியை முடிக்கும் பிள்ளை, மலாய்மொழியில் தேவையான அடைவு இல்லையென்றால், இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்காருகிறது. உடன் படித்தவர்கள் முன்னே போய்விடுகிறார்கள். புதுப் பள்ளி, பெரிய பள்ளி, புது மொழிச்சூழல். அங்கே வழிகாட்டி ஆலோசக ஆசிரியர் பெரும்பாலும் மலாய்க்காரர். வீட்டுப் பிரச்சினையைத் தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்த பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை அவரிடம் எதைச் சொல்கிறது, எதை விழுங்கிவிடுகிறது? தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தானபின் இந்த மாற்றத்தைப் பள்ளிகள் எப்படிக் கையாள்கின்றன? கட்டொழுங்கு ஆசிரியரிடம் போக வேண்டிய பிள்ளை எது, ஆலோசனை அறைக்கு வர வேண்டிய பிள்ளை எது என்று யார் முடிவு செய்கிறார்கள்? இவற்றில் ஒன்றை எடுத்து, சில பிள்ளைகளோடும் அவர்களின் பெற்றோரோடும் ஆழமாகப் பேசினாலே ஓர் ஆய்வேடு நிற்கும். இதை வெளியிலிருந்து வருகிறவர் செய்ய முடியாது, உங்களால் முடியும்.

ஒரு சிக்கல் உண்டு. உங்கள் சொந்த மாணவர்களையே ஆய்வுக்கு எடுத்தால், அவர்கள் மறுக்கத் துணிய மாட்டார்கள். டீச்சர் கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள். ஆகவே வேறு பள்ளிக்குப் போங்கள்.

அனுமதிக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஆய்வு முன்வரைவுக்கு ஒப்புதல், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பிறகு கல்வி அமைச்சின் கொள்கைத் திட்டமிடல், ஆய்வுப் பிரிவுக்கு இராஸ் தளத்தில் இணைய விண்ணப்பம், பிறகு மாநிலக் கல்வி இலாகா, பிறகு தலைமையாசிரியர். அதன் பின் பெற்றோரின் கையெழுத்து, கடைசியில் பிள்ளையின் சம்மதம். தலைமையாசிரியர் உங்கள் சித்தப்பாவாக இருந்தாலும் கடிதம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். தேர்வுக் காலத்தில் பள்ளிகள் ஆய்வாளரை விரும்புவதில்லை என்பதால், எந்த மாதம் அனுமதி கைக்கு வர வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: ஆய்வேட்டைத் தமிழிலேயே எழுதலாமா? (ஜார்ஜ்டவுன்)

பதில்: கல்வித்துறையில் மலாய் அல்லது ஆங்கிலம்தான். ஆனால் நேர்காணலைத் தமிழில் நடத்த எந்தத் தடையும் இல்லை, நடத்தத்தான் வேண்டும். பகுப்பாய்வையும் தமிழ்ப் பதிவை வைத்தே செய்யுங்கள், மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டும் மொழிபெயர்க்கலாம். முதலிலேயே எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கிவிட்டால் பிள்ளையின் பேச்சு காணாமல் போய்விடும்.

ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்குவதாக இருந்தால், ஒருவர் மொழிபெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறை உண்டு. பிரிஸ்லின் என்ற ஆய்வாளர் 1970இல் எழுதியது, இன்றும் வழக்கில் இருக்கிறது. அதோடு நிறுத்தாமல் நாலைந்து மாணவர்களிடம் படிக்கக் கொடுத்து, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். நம் பாடநூல் தமிழ் எல்லாப் பிள்ளைக்கும் புரிவதில்லை.

கேள்வி: ஓராண்டில் இணையவழி டாக்டர் பட்டம், ஆய்வேடு தேவையில்லை என்று ஒரு நிறுவனம் அழைக்கிறது. (ஆயர் ஈத்தாம்)

பதில்: மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உள்நாட்டுப் படிப்பு என்றால் அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அங்கீகாரத்தை அதே முகமையிடம் கேளுங்கள். கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ள மட்டும் என்றால் அது உங்கள் விருப்பம், என்னைக் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: மேற்பார்வையாளர் இரண்டு மாதமாகப் பதிலே போடவில்லை. கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. (கோலாலம்பூர்)

பதில்: ‘எப்போது சந்திக்கலாம் டாக்டர்’ என்று கேட்டால் பதில் வராது. ஐந்து பக்கம் எழுதி இணைத்து, ‘இந்த இரண்டு இடத்தில் உங்கள் முடிவு வேண்டும், செவ்வாய் அல்லது வியாழன் வரட்டுமா’ என்று கேளுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பேசியதை நாலு வரியில் மின்னஞ்சலாக அனுப்புங்கள், அது உங்களுக்குப் பாதுகாப்பு. அதற்கும் மௌனம் என்றால் துறையின் முதுநிலைப் படிப்பு ஒருங்கிணைப்பாளரைப் பாருங்கள். துணை மேற்பார்வையாளரைச் சேர்ப்பதும், மேற்பார்வையாளரை மாற்றுவதும் விதியில் உள்ளவைதான். நம் ஆட்கள் மரியாதைக்குப் பயந்து ஓராண்டைத் தொலைத்துவிட்டு, பிறகு தலைப்பையும் தொலைக்கிறார்கள்.

இன்னும் சேராதவர்களுக்கு: பெயர் பெற்றவர் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் போகாதீர்கள். அவருடைய சமீபத்திய இரண்டு கட்டுரைகளைப் படியுங்கள், அவரிடம் படிக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்.

கேள்வி: வயது 52. இப்போது தொடங்குவது முட்டாள்தனமா? (நிபோங் தெபால்)

பதில்: பகுதிநேரமாகத் தொடங்கினால் முடியும்போது 58 ஆகலாம், அரசாங்கப் பணி ஓய்வுக்கு இரண்டே ஆண்டு. வேலை மாற்றத்துக்காக என்றால் வேண்டாம். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்விக்காக என்றால், கட்டணத்தைச் சேமிப்பிலிருந்து கட்ட முடியும் என்ற நிலையில், செய்யுங்கள். இதற்கிடையே, பதிவு பெற்ற கவுன்சலர் என்றால், உங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குத் தள மேற்பார்வையாளராக இருக்க முன்வாருங்கள். தமிழ் தெரிந்த மேற்பார்வையாளரைப் பல்கலைக்கழகங்கள் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன, அதற்கு பிஎச்டியும் தேவையில்லை.