நோட்டு இருக்கட்டும், டி.சி. வாங்கக் கூட வருவீர்களா?

கூவம், அடையாறு கரைகளிலிருந்து இடம் மாற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் சென்னை பெரும்பாக்கம் குடியிருப்பில் சனிக்கிழமை தோறும் மாலை வகுப்பு நடத்தும் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் இருபது பேர். மே மாதம் ஒரு வாரம் பெரும்பாக்கத்தில் ஊழியம் செய்யத் திட்டம். நோட்டு, பேனா, பிஸ்கட்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறோம். வேறு என்ன வாங்கலாம்?
*ஒரு வாசகர், அம்பத்தூர்*

நோட்டு வாங்க வேண்டாம், தம்பி. பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை எல்லாம் அரசுப் பள்ளியிலேயே விலையில்லாமல் கிடைக்கிறது. மே மாதத்தில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது சாப்பாடு. பள்ளி மூடியதும் மதியச் சத்துணவும் நிற்கும், சின்ன வகுப்புகளுக்குக் காலை உணவும் நிற்கும். அம்மாக்கள் விடியற்காலையில் பஸ் பிடித்து மயிலாப்பூர், திருவல்லிக்கேணி என்று வீட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். முன்பு கூவம் கரையில் இருந்தவரை நடந்து போன வேலை அது. பத்து வயது அக்கா மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எட்டு மாடிக் கட்டடத்தின் படியில் உட்கார்ந்து பொழுதைக் கழிப்பாள்.

அதனால் உங்கள் பணத்தை மதியச் சாப்பாட்டுக்குச் செலவழியுங்கள். சமையலுக்கு வெளியே ஆள் தேட வேண்டாம். அந்தக் குடியிருப்பிலேயே மகளிர் குழுக்கள் இருக்கின்றன. கூலி பேசி அவர்களிடம் கொடுங்கள். சாம்பார் சாதமும் முட்டையும் போதும்.

இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்கிறேன். நானும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள்தான். ஆண்டவருடைய அன்புதான் உங்களை அங்கே கூட்டிப் போகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் 'பாட்டுப் பாடினால் சாப்பாடு' என்ற நிலை ஒரு நாளும் வரக் கூடாது. பசித்த பிள்ளைக்கு 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. அந்த முடியாமையை நாம் பயன்படுத்தக் கூடாது. சாப்பாடு எல்லோருக்கும், பாட்டும் கதையும் பெற்றோர் சம்மதித்து, விரும்பி வருகிற பிள்ளைகளுக்கு மட்டும்.

அப்புறம் அந்த ஒரு வாரக் கணக்கு. சில வருஷங்களுக்கு முன் ஒரு குழு வந்து ஐந்து நாள் தங்கியது. அதில் ஒரு தம்பி கிடார் வாசிப்பான். அவர்கள் போன பிறகு மாதக்கணக்கில் ஒரு பையன் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான்: "மிஸ், கிடார் அண்ணா எப்போ வருவாங்க?" என்னிடம் பதில் இல்லை. இருபது பேர் ஒரு வாரம் வருவதைவிட, வாரம் நான்கு பேராக முறை போட்டு அடுத்த ஏப்ரல் வரை வாருங்கள். அது முடியாது என்றால், திரும்பி வரமாட்டோம் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உதவ ஆசை. ஆனால் பாடம் சொல்லித் தர வராது. நான் எதற்குப் பயன்படுவேன்?
*ஒரு வாசகர், வேளச்சேரி*

ஐயா, உங்களைப் போன்ற ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்கு வந்தன. படிப்பு வருஷத்தின் நடுவில். ஒரு அம்மா தன் மஞ்சப்பையை என் முன்னால் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை நகல், மகனின் பிறப்புச் சான்றிதழ், மூன்றும் நனைந்து காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டி, தடித்த அட்டை மாதிரி ஆகியிருந்தன. சேற்று வாடை போகவில்லை. மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் பழைய பேப்பரை விரித்து, லேசாக ஈரம் காட்டி, ஓரத்திலிருந்து ஊதி ஊதிப் பிரித்தோம். ஒரு மணி நேரம் ஆனது. சான்றிதழில் பையன் பெயர் தெரிந்தது. பிறந்த தேதி கரைந்து நீலக் கறையாகப் பரவியிருந்தது.

பையன் எட்டாம் வகுப்பு. அருகிலிருந்த பள்ளியில் 'டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டி.சி. பழைய பள்ளியில் இருந்தது. போய் வர ஒரு நாள் ஆகும். வீட்டு வேலையில் ஒரு நாள் லீவு என்றால் அந்த நாள் சம்பளம் பிடித்தம். அந்த அம்மா மூன்று வீட்டில் வேலை செய்பவர். பையன் வீட்டிலேயே இருந்தான்.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளையை, வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது. டி.சி. வரத் தாமதமாவதையும் காரணமாகச் சொல்லக் கூடாது. அந்தப் பிரிவுகளைத் தமிழில் அச்செடுத்து எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். மூன்றாம் நாள் பையன் வகுப்பில் உட்கார்ந்தான். டி.சி. வாங்கப் பழைய பள்ளிக்கு இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் நான் கூடப் போனேன்.

உங்களுக்கான வேலை இதுதான், ஐயா. ரேஷன் கார்டில் முகவரி மாற்றம், இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை மனு. ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி பெயர் இருந்தாலே உதவித்தொகை சிக்கிக்கொள்ளும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு ஆதாரோடு சரியாக இணையாததால் அந்தப் பணம் வராமல் தவிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒரு காலைப் பொழுதில் சரிசெய்துவிடுவீர்கள்.

இரண்டு விஷயம் மட்டும் மனதில் வையுங்கள். அசல் ஆவணம் எதையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஜெராக்ஸ் போதும். அலுவலகத்தில் பேசுவது அந்த அம்மாவாக இருக்கட்டும்; நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த முறை அவர் தனியாகப் போக வேண்டுமே.

பிள்ளைகளோடு எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். ஒரு தாய் கோபித்துக்கொண்டார். நல்லதைத்தானே காட்டினேன்?
*கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

அவர் கோபம் நியாயம், கண்ணு. தலை வாராமல், கையில் தட்டோடு நிற்கும் உன் படத்தை உன்னைக் கேட்காமல் ஊருக்குக் காட்டினால் நீ சும்மா இருப்பாயா? படத்தை எடுத்துவிட்டு, நேரில் போய் மன்னிப்புக் கேள். ஒரு பிரதி அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடு. பல வீடுகளில் வெள்ளத்தோடு பழைய படங்களும் போய்விட்டன. அதைச் சட்டம் போட்டு மாட்டி வைப்பார்கள்.

மாலை வகுப்புக்கு வரும் சிறுமி, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். என்ன செய்வது?
*ஒரு வாசகி*

இன்றே குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள், அல்லது காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும். துருவித் துருவிக் கேள்வி கேட்காதீர்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். உறவினரை நீங்களாகப் போய் விசாரிக்க வேண்டாம். அவளிடம், "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பே இல்லை. உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் மட்டும் நான் சொல்லியாக வேண்டும்" என்று சொல்லுங்கள். சத்தியத்தை மீறுவது வலிக்கும். மீறுங்கள்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் என்னோடு வர ஆசைப்படுகிறாள். அந்தப் பகுதியைப் பற்றி நல்லவிதமாகக் கேள்விப்பட்டதில்லை. அழைத்து வரலாமா?
*ஒரு வாசகி, மேடவாக்கம்*

தாராளமாக அழைத்து வாருங்கள். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் பிள்ளைகள் வேலைக்கு மனு போடும்போது முகவரியை மாற்றி எழுதுகிறார்கள். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற கார்த்திகா, பக்கத்துக் கண்ணகி நகரில் வளர்ந்த பெண். அதிலிருந்து எங்கள் பெண் பிள்ளைகளும் மைதானத்தை விட்டு நகர்வதில்லை.

உதவி செய்ய வருகிறாள் என்று சொல்லிக் கூட்டி வராதீர்கள், விளையாட வருகிறாள் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை நான்கு மணி. ஒரு அணியில் எப்போதும் ஆள் குறைவாகத்தான் இருக்கிறது.