மூன்றாம் நாளும் பால் போதவில்லையா? பவுடர் பால் கொடுக்கலாமா?

கேட்டவரின் மனைவிக்குப் பிரசவமாகி மூன்று நாள். குழந்தை ஓயாமல் அழுவதால், பால் பத்தவில்லை என்று வீட்டில் பவுடர் பால் வாங்கச் சொல்கிறார்களாம்.

அவசரப்பட வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால்தான். அளவு கொஞ்சம், ஆனால் அந்தச் சின்ன வயிற்றுக்கு அது போதும். சிசேரியன் என்றால் பால் நன்றாகச் சுரக்க இன்னும் ஒரு நாள் கூடுதலாகலாம். அழுகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஈரத்துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போகிறது என்று அர்த்தம். முதல் வாரம் எடை கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும்.

பலருக்குச் சிக்கல் சுரப்பில் இல்லை, குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தில். காம்பு மட்டும் வாயில் இருந்தால் அம்மாவுக்கு வலிக்கும், பாலும் சரியாக வராது. வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடங்கி, தாடை மார்பில் பட வேண்டும். வார்டு நர்ஸைக் கூப்பிட்டு ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை, ராத்திரியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம், யார் சொன்னாலும்.

குழந்தை எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், சிறுநீர் குறைந்தால், உடம்பில் மஞ்சள் நிறம் கூடினால் அன்றே டாக்டரிடம் போங்கள். அவர் பவுடர் பால் கொடுக்கச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள்.

அப்புறம் உங்கள் வேலை: ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, பார்க்க வரும் சொந்தக்காரர்களை வாசலிலேயே சமாளிப்பது.