கூட்டெருவில் கரும்பழுப்புப் பாம்புகள்: மருந்து போடலாமா?

கேள்வி: நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு செய்கிறோம். பழைய கூட்டெருவைக் கிளறினால் ஓரடி நீளத்தில் கரும்பழுப்புப் பாம்புகள் ஐந்தாறு வருகின்றன. வெள்ளை முட்டைகளும் கிடந்தன. வேலையாட்கள் கிட்டவே வருகிறார்கள் இல்லை. கிழங்கில் ஓட்டை விழுகிறது, பட்டியில் மாட்டுக்கும் பால் குறைந்துவிட்டது. குருணை மருந்து போடலாமா?

பதில்: போட வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்குப் பொருந்துவது சிங்களத்தில் மெடில்லா எனப்படும் பாம்பு. விஞ்ஞானப் பெயர் அஸ்பிடுரா ட்ரக்கிப்ரொக்டா. 1860இல் பெயரிடப்பட்டது. இலங்கை மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நஞ்சில்லை, கையில் எடுத்தாலும் கடிக்காது, நெளிந்து நழுவத்தான் பார்க்கும்.

ஆனால் அடையாளத்தை உறுதி செய்யாமல் யாரும் கையால் தொடக் கூடாது. மெடில்லாவுக்குத் தலையும் கழுத்தும் ஒரே பருமன், எங்கே கழுத்து தொடங்குகிறது என்றே தெரியாது. உடல் வழவழப்பு, வெயில் பட்டால் மினுங்கும். முதுகில் சிறு கரும்புள்ளிகள் வரிசையாக ஓடும். ஆண் பாம்பில் மலத்துவாரத்தை ஒட்டிய செதில்கள் மட்டும் அரம் மாதிரிச் சொரசொரக்கும். விஞ்ஞானப் பெயரின் பொருளும் அதுவே. குழப்பம் வருவது நஞ்சுள்ள கோப்பி விரியனோடுதான். அதுவும் ஏறக்குறைய இதே நீளம். ஆனால் தலை முக்கோணம், மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும், உடல் தடித்துச் சருகில் சுருண்டு கிடக்கும். உங்கள் குளிருக்கு அது குறைவு, பள்ளத்துத் தோட்டங்களில் கூடுதல். அது கடித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இந்தியாவிலிருந்து வரும் வழமையான விஷமுறி மருந்து அதன் நஞ்சுக்கு வேலை செய்யாது. ஆகவே எந்தப் பாம்பு கடித்தாலும் கட்டுப் போடாமல், கீறாமல், நேரே வைத்தியசாலைக்கு.

மெடில்லாவின் முக்கிய சாப்பாடு மண்புழு. கிழங்கைத் தின்னாது. ஓட்டைக்கு வெண்புழுவையோ வெட்டுப்புழுவையோ தேடுங்கள்: செடியடியில் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்த்தால் அகப்படும். அதற்காக இந்தப் பாம்பை உழவனின் நண்பன் என்று ஏற்றிச் சொல்லவும் மாட்டேன். எலி பிடிக்காது, பூச்சியை அழித்துத் தராது. இது நிறைய இருக்கிறதென்றால் எருவில் மண்புழு நிறைய இருக்கிறது, அவ்வளவுதான். கார்போபியூரான் மாதிரிக் குருணையைக் குவியலில் தூவினால் முதலில் சாவது அந்தப் புழுக்கள், பிறகு அந்த எரு உங்கள் கரட் பாத்திக்கே வரும். மண்புழு உரத் தொட்டி தனியாக வைத்திருந்தால் மட்டும் பாம்பு உள்ளே போகாமல் அடியிலும் மேலும் நெருக்கமான கம்பிவலை போடுங்கள்.

குவியலைக் கிளறும் முறையை மாற்றினால் போதும். எரு வாரும் முள்ளுக் கருவியை நடுவில் குத்தாதீர்கள், பாம்பு துண்டாகும். முதலில் நீளத் தடியால் ஓரங்களைத் தட்டுங்கள். பிறகு மேலிருந்து அரை அடி அரை அடியாக வாரிக்கொண்டே வந்து, ஒவ்வொரு படைக்கும் நடுவே பத்து நிமிடம் விடுங்கள். அது கீழே இறங்கிவிடும். மிஞ்சியதை மண்வெட்டியால் எருவோடு சேர்த்து அள்ளி, நிழலான ஈரமான வரப்போரத்தில் விடலாம். வெயிலில் போட்டால் சீக்கிரம் உலர்ந்து சாகும். முட்டை கண்டால் புரட்டாமல், கிடந்த பக்கமே மேலாக, சுற்றியிருந்த மக்கோடு எடுத்து ஆறிய பழைய குவியலில் நாலு விரற்கடை ஆழத்தில் வையுங்கள். புதுச் சாணக் குவியலில் வைக்காதீர்கள். அதன் நடுவில் சூடு 60 பாகை வரை ஏறும், முட்டை வெந்துவிடும். இதனால்தான் பாம்பும் புதுக் குவியலை விட்டு ஆறியதைத் தேடி வருகிறது. ஒரு மூலையில் ஒரு பழைய குவியலைக் கிளறாமல் விட்டுவைத்தால் தொல்லை அங்கேயே அடங்கும். வேலையாட்களுக்கு முழங்கால் சப்பாத்து கட்டாயம், கோப்பி விரியனுக்காக.

பால் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்தப் பாம்பாலும் பால் உறிஞ்ச முடியாது. நாளை காலை ஒவ்வொரு காம்பின் முதல் பீச்சையும் கறுப்புத் துணியில் தனித்தனியாகப் பீச்சிப் பாருங்கள். திரிந்த கட்டியோ தண்ணீர்த்தன்மையோ தெரிந்தால் மடிநோய். அன்றைக்கே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். பால் சுத்தமாக இருந்தால் புல்லின் அளவையும் தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள்.